தமிழ்நாட்டில் வீடு கட்ட அனுமதி: அலையாமல் வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் வீட்டுக்குக் கட்டட அனுமதி வாங்க ஏழு மாதம் ஆனது. சில வருடங்கள் கழித்து மைத்துனர் வீட்டுக்கு ஒரே மாலையில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே வாங்கிவிட்டோம். இடையில் அரசு, விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே உறுதியளித்து அனுமதி வாங்கும் சுயசான்றுத் திட்டத்தைக் கொண்டுவந்திருந்தது, அது ஒரு காரணம். ஆனால் அந்த ஒரு மாலைக்கு முன்னால் மைத்துனரும் நானும் இரண்டு மாதம் பத்திரம், பட்டா, அளவு நாடா என்று அலைந்திருந்தோம். என் ஏழு மாதத்தைத் திரும்பிப் பார்த்தாலும் அதே கதைதான். கோப்பு அலுவலக மேசையில் கிடந்தது ஆறேழு வாரம் இருக்கலாம். மீதிக் காலம் முழுக்கப் பத்திரத்தில் ஓர் அளவு, பட்டாவில் ஓர் அளவு, மண்ணில் வேறோர் அளவு என்பதைச் சரிசெய்வதிலேயே போனது.

அதனால் இந்த வழிகாட்டியில் விண்ணப்பப் படிவத்துக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வருவேன். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளில்தான் காலம் மிச்சமாகிறது. சொந்தமாக ஒரு வீடோ இரண்டு மூன்று வீடுகளோ கட்டுபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பெரிய அடுக்குமாடிகளைப் பற்றி ஒன்றிரண்டு வரிதான் வரும்.

முதலில், ‘அப்ரூவல்’ என்பது ஒன்றல்ல

நாம் பொதுவாக ‘அப்ரூவல்’ என்று சொல்லும் ஒரே சொல்லுக்குள் மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

ஒன்று, மனைப்பிரிவு அனுமதி. ஒரு நிலத்தைச் சாலை விட்டு மனைகளாகப் பிரித்ததற்கான ஒப்புதல் இது. இரண்டாவது திட்ட அனுமதி. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ், இந்த இடத்தில் இந்தப் பயன்பாட்டுக்கு இந்த அளவுக் கட்டடம் வரலாம் என்று சொல்வது. மூன்றாவது கட்டட அனுமதி. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்ற உள்ளாட்சி அமைப்பு தருவது. சிறிய வீடுகளுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே விண்ணப்பத்தில், ஒரே கையில் கிடைத்துவிடும். முதலாவது மட்டும் மனை வாங்கும்போதே இருந்திருக்க வேண்டும். “அப்ரூவ்டு பிளாட் சார்” என்று தரகர் சொல்வது அதைத்தான். “அப்படியென்றால் வீடு கட்டவும் அனுமதி இருக்கிறது” என்று வாங்குபவர் நினைத்துக்கொள்வது வேறு.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையான விதிப் புத்தகம் இப்போது ஒன்றுதான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. அதற்கு முன்னால் சென்னைக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று தனித்தனி விதிகள் இருந்தன. பழைய விதியை மனப்பாடமாக வைத்திருக்கும் மேஸ்திரிகள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். “நாலடி விட்டாப் போதும்ங்க, எப்பவும் அப்படித்தான்” என்று யாராவது சொன்னால், சரி என்று கேட்டுக்கொண்டு புதிய விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்த விதிகளும் 2019க்குப் பிறகு பலமுறை திருத்தப்பட்டிருக்கின்றன.

படி 1: மூன்று காகிதங்களை ஒன்றோடொன்று பேச வையுங்கள்

பத்திரம், பட்டா, புல வரைபடம். இவை மூன்றையும் ஒரே மேசையில் விரித்து வையுங்கள். நகரப் பகுதியாக இருந்தால் பட்டாவுக்குப் பதில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் இருக்கும். பட்டாவையும் புல வரைபடத்தையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் தளத்தில் 1975 முதல் பார்க்க முடியும். அதற்கு முந்தையது வேண்டுமென்றால் சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகத்தான் வேண்டும்.

முதலில் பெயர். பத்திரத்தில் ‘முருகேசன்’, பட்டாவில் ‘முருகேஷ்’, ஆதாரில் வேறோர் எழுத்துக்கூட்டல், தலைப்பெழுத்து ஒன்றில் இருக்கிறது, ஒன்றில் இல்லை. நமக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆவணத்தைச் சரிபார்ப்பவருக்கு இரண்டு வேறு ஆட்கள். பட்டா இன்னும் விற்றவர் பெயரிலேயே இருப்பதும் சகஜம். பத்திரம் பதிந்ததோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று பத்து வருடம் பட்டா மாற்றாமல் வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர்.

அடுத்தது அளவு. இதில்தான் ஆழமாக நிற்க வேண்டும். பத்திரம் சதுர அடியிலோ சென்டிலோ பேசும். கிராமப் பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் பேசும். புல வரைபடம் மீட்டரில் இருக்கும், பழையதாக இருந்தால் லிங்க்ஸ் கணக்கில் இருக்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு ஏர் என்றால் 100 சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடி, சுமார் 2.47 சென்ட். உங்கள் மனை 5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி. பட்டாவில் அது ஏறக்குறைய 2.02 ஏர் என்று வர வேண்டும். சென்னைக்காரர்களுக்கு ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஐந்தரைச் சென்டுக்கு ஒரு துளி கூடுதல். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

அப்புறம் நாடாவை எடுத்துக்கொண்டு மனைக்குப் போங்கள். நான்கு பக்கமும் அளந்தால் மட்டும் போதாது, இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். நான்கு பக்கமும் பத்திரப்படி சரியாக இருந்தும் மனை சாய்ந்து பரப்பு குறைந்திருப்பதை மூலைவிட்டம் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். மைத்துனர் மனை பத்திரத்தில் 2,400 சதுர அடி. அளந்தபோது 2,330தான் இருந்தது. பக்கத்து மனைக்காரர் சுற்றுச்சுவரை ஒன்றரை அடி உள்ளே தள்ளிக் கட்டியிருந்தார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, அவருடைய மேஸ்திரி நட்ட கல் அப்படி. சண்டை போடாமல் பேசித் தீர்க்க ஐந்து வாரம் ஆனது. அனுமதி வாங்கி அஸ்திவாரம் தோண்டிய பிறகு இது தெரிந்திருந்தால் எப்படி முடிந்திருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

மூன்று அளவும் வேறுபட்டால் எதை எடுப்பது? என் அனுபவத்தில் மூன்றில் எது சிறியதோ அதை வைத்து வரைபடம் போடுவதுதான் பாதுகாப்பு. இருபது முப்பது சதுர அடிக்காகக் கோப்பு திரும்பி வருவதைவிட, அந்த இடத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம் பெரிதாக இருந்தால் மட்டும் நில அளவையருக்கு விண்ணப்பித்து அளந்து, பட்டாவைத் திருத்துங்கள்.

கூட்டுப் பட்டா இருந்தால் இந்தப் படியிலேயே நின்றுவிடுங்கள். ஒரு புல எண்ணில் ஏழெட்டுப் பேர் பெயர் இருக்கும் பட்டாவை வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால், பெரும்பாலும் உங்கள் பங்கு எது என்ற கேள்வியோடு திரும்பும். உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குங்கள். இதற்கு நில அளவையர் வந்து அளக்க வேண்டும் என்பதால் நாளாகும். மனை வாங்கிய மறுவாரமே விண்ணப்பித்துவிடுவது நல்லது. கட்டட அனுமதியை நிமிடக் கணக்குக்குக் கொண்டுவந்த அரசு, உட்பிரிவை இன்னும் அந்த வேகத்துக்குக் கொண்டுவரவில்லை. என்னைக் கேட்டால், வீடு கட்டுபவரின் உண்மையான காத்திருப்பு இன்றைக்கு அங்கேதான்.

படி 2: மனைப்பிரிவுக்கு ஒப்புதல் உண்டா?

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவுக்கு, மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபிக்கு. அவர்களுடைய ஒப்புதலுக்கு ஓர் எண் இருக்கும், ஒப்புதல் பெற்ற வரைபடம் இருக்கும். அந்த வரைபடத்தில் உங்கள் மனை எண்ணையும் சாலை அகலத்தையும் நீங்களே பார்க்க வேண்டும். விளம்பரத் தாளில் அச்சடித்த படத்தைப் பார்த்தால் போதாது. ஒப்புதல் வரைபடத்தில் பூங்கா என்று இருந்த இடம் விளம்பரத்தில் மனை எண் 42ஆக மாறியிருந்த கதைகள் உண்டு.

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்பது ஒப்புதலே அல்ல. ஊராட்சித் தலைவர் முத்திரை வைத்த மனைப்பிரிவுத் தாள்கள் ஒரு காலத்தில் ஊர் ஊராகப் புழங்கின. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் தலைவருக்குக் கிடையாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டபோதுதான் பலருக்கு இது உறைத்தது. அதே வருடம் அக்டோபர் 20 முதல், அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவதைத் தடுக்கும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிதான் இன்றும் எல்லைக்கோடு. அதற்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளை ஒழுங்குபடுத்த 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. விண்ணப்பிக்கும் காலம் பலமுறை நீட்டிக்கப்பட்டது.

உங்கள் மனை இந்த வகை என்றால், முதலில் மனை வரன்முறை, அப்புறம்தான் வீட்டு அனுமதி. வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், திறந்தவெளி ஒதுக்கீட்டுக்கான கட்டணம் என்று செலவு உண்டு. இப்போது விண்ணப்பம் ஏற்கிறார்களா என்பதை உங்கள் பகுதி டிடிசிபி அல்லது உள்ளாட்சி அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். இடைத்தரகர் சொல்லும் தேதியை நம்ப வேண்டாம். நீர்நிலைப் புறம்போக்கு, கோயில் நிலம், பொதுப்பாதை போன்றவற்றில் விழும் மனைக்கு வரன்முறை கிடைக்காது.

படி 3: நிலம் எந்த மண்டலத்தில் இருக்கிறது?

பட்டாவில் ‘மனை’ என்று இருந்தாலும், எந்த இடம் எந்தப் பயன்பாட்டுக்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அந்தப் புல எண் வேளாண் மண்டலத்தில் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு துறைகளின் பதிவேடு. இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது, 2026ஐ இலக்காக வைத்துப் போட்டது. அது உள்ளடக்கிய பரப்பு 1,189 சதுர கிலோமீட்டர். அதில் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், திறந்தவெளி, வேளாண்மை, நகர்ப்புறம் சாராத பகுதி என்று மண்டலங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சிஎம்டிஏ தளத்தில் கிராமத்தையும் புல எண்ணையும் கொடுத்துப் பார்க்கலாம். முதலிரண்டு மண்டலங்களில் வீடு கட்டக் கவலையில்லை. 2022இல் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்த ஊர்களில் மனை வைத்திருப்பவர்கள், தங்கள் விண்ணப்பத்தை எந்த அலுவலகம் பார்க்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மண்டலம் ஒத்துவரவில்லை என்றால் நிலப் பயன்பாட்டு மாற்றம் கேட்க வேண்டும். பத்திரிகையில் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டு, தொழில்நுட்பக் குழுவில் வைத்து முடிவெடுப்பார்கள். இதற்குக் குறுக்குவழி கிடையாது. மாதக்கணக்கில் ஆகும் என்று மனதைத் தயார்செய்துகொண்டுதான் இறங்க வேண்டும். ஒரு வீட்டு மனைக்காக இந்த வழியில் போவதைவிட, வாங்கும் முன்பே பார்த்துவிட்டு வேறு மனை தேடுவது புத்திசாலித்தனம்.

முழுமைத் திட்டமே இல்லாத ஊர்ப்புறங்கள் தமிழ்நாட்டில் நிறைய. அங்கே விவசாய நிலத்தை வீட்டுப் பயன்பாட்டுக்கு மாற்ற நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும், 2017இல் வந்த விதிகளும் இருக்கின்றன. புன்செய் என்றால் ஓரளவு சுலபம். நன்செய் என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும், வேளாண் துறையின் கருத்தும் கேட்கப்படும். பக்கத்தில் பாசன வாய்க்கால் ஓடினால் சுலபமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிடைக்கக் கூடாதுதான் என்பது என் கட்சி.

மண்டலத்துக்கு மேலே இன்னொரு அடுக்கு இருக்கிறது. வரைபடத்தில் குடியிருப்பு என்றே இருக்கும், ஆனாலும் தனிக் கட்டுப்பாடு பொருந்தும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி, செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, தாம்பரம் விமானப்படைத் தளத்தைச் சுற்றிய பகுதி, கடலோர ஒழுங்குமுறை மண்டலம் எல்லாம் இந்த வகை. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிறகு அதன் சுற்றுப்புறத்திலும் அனுமதி முன்போல இல்லை. நீலகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களில் மலைப் பகுதிக்கான தனி விதிகள் உண்டு. மாமல்லபுரம், தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம் மாதிரி ஊர்களில், பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடத்துக்குத் தடை. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை தொல்லியல் சார்ந்த தனி அனுமதி வேண்டும். இப்படியான இடத்தில் தடையின்மைச் சான்றை முதலில் வாங்கிவிட்டு, அதன் பிறகு வரைபடம் போடுங்கள். பலரும் வரைபடத்துக்குச் செலவு செய்துவிட்டு, சான்றில் உயரத்தைக் குறைத்ததும் மறுபடி வரைகிறார்கள்.

படி 4: உங்களுக்கு எந்தக் கதவு?

இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன.

சின்ன வீட்டுக்குச் சுயசான்று. 2024 ஜூலை 22 அன்று தொடங்கிய திட்டம். 2,500 சதுர அடிக்குள் மனை, அதில் 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் மட்டும் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் என்ற குடியிருப்பு என்றால், அரசின் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்டியதும் அனுமதி இறங்கிவிடும். முன்கூட்டிய கள ஆய்வு கிடையாது. கட்டி முடித்த பிறகு நிறைவுச் சான்றும் வேண்டியதில்லை. கூர்ந்தாய்வுக் கட்டணமும் உள்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் தள்ளுபடி. தொடங்கியபோது இருந்த வரம்புகள் இவை. விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் இருக்கும் வரம்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரியது, ஆனால் 10,000 சதுர அடிக்கும் எட்டுக் குடியிருப்புக்கும் உட்பட்டது என்றால் உள்ளாட்சி அமைப்பே முடிவெடுக்கும். அதைத் தாண்டினால் சிஎம்டிஏ அல்லது டிடிசிபி. 18.30 மீட்டருக்கு மேல் உயரம் போனால் அது உயர்மாடிக் கட்டடம், தீயணைப்புத் துறையில் தொடங்கிப் பல துறைச் சான்றுகள் சேரும். 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். விற்பதற்காகக் கட்டுபவர்கள், நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ எட்டு வீடுகளுக்கு மேல் போனாலோ வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் செய்ய வேண்டிய பதிவையும் மறக்கக் கூடாது.

ஒரு சின்னக் கணக்கு. உயரமில்லாத கட்டடங்களுக்குப் பொதுவான தளப் பரப்புக் குறியீடு, அதாவது எஃப்எஸ்ஐ, 2. அந்தக் கணக்குப்படி 2,500 சதுர அடி மனையில் 5,000 சதுர அடி கட்டலாம். சுயசான்றில் போனால் 3,500தான். 1,500 சதுர அடியை விட்டுக்கொடுத்துக் காலத்தை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே நீங்கள், மேலே மகன் என்ற குடும்பத்துக்கு 3,500 தாராளம். மேலே இன்னொரு தளம் எழுப்பி வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், ஆரம்பத்திலேயே உள்ளாட்சி வழியில் முழு வரைபடத்தோடு போங்கள். சுயசான்றில் வாங்கிவிட்டு மூன்றாவது தளத்தைச் ‘சத்தமில்லாமல்’ ஏற்றும் யோசனை வேண்டாம்.

படி 5: வரைபடம்

பதிவுபெற்ற பொறியாளரிடமோ கட்டடக் கலைஞரிடமோ கொடுங்கள். அவருடைய பதிவு நடப்பில் இருக்கிறதா, உங்கள் உள்ளாட்சிக்கு அது செல்லுமா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். அடிக்கடி நடப்பது, ஒருவர் வரைந்து இன்னொருவர் பதிவு எண்ணில் கையெழுத்திடுவது. நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தால் கையெழுத்திட்டவருக்கு உங்கள் மனை எந்தப் பக்கம் என்றே தெரியாது.

வரைபடத்தில் நீங்களே பார்க்க வேண்டியவை: முன்புறம், பின்புறம், பக்கவாட்டு இடைவெளிகள். முன்புற இடைவெளி வாசலில் இருக்கும் சாலையின் அகலத்தைப் பொறுத்து மாறும். பக்க இடைவெளி மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தது. சாலை அகலம் என்று ஒப்புதல் வரைபடத்தில் 23 அடி இருக்கும், நேரில் இருபுறமும் படிக்கட்டும் திண்ணையும் வந்து 18 அடியாகக் குறைந்திருக்கும். இரண்டையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இந்த வித்தியாசத்தை மறைத்துப் போடும் வரைபடம்தான் பின்னால் சிக்கலைக் கொண்டுவரும்.

வெளிப்படிக்கட்டு, கழிவுநீர்த் தொட்டி, கார் நிறுத்தம், மழைநீர் சேகரிப்பு இவையெல்லாம் வரைபடத்தில் இடம்பிடிக்க வேண்டும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். வரைபடத்தில் வட்டம் போட்டுவிட்டுத் தரையில் தோண்டாமல் விடுகிறவர்கள் நிறைய. அதற்கு ஆகும் செலவு ஒரு கதவின் விலைதான், தோண்டிவிடுங்கள்.

வாஸ்துவுக்காக அறைகளை மாற்ற வேண்டியிருந்தால் இப்போதே மாற்றுங்கள். அனுமதி வாங்கிய பிறகு சமையலறையைத் தென்கிழக்குக்குத் தள்ளப் போய் பக்க இடைவெளியைத் தின்றுவிடுகிறார்கள்.

படி 6: விண்ணப்பம்

உண்மையில் இதுதான் எளிய பகுதி. ஒற்றைச் சாளரத் தளத்தில் கைபேசி எண்ணைக் கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டும். உங்கள் சொந்த எண்ணைக் கொடுங்கள். வரைபடக்காரர் எண்ணைக் கொடுத்தால், ஆட்சேபணைக் குறுஞ்செய்தி அவருக்குப் போகும், அவர் சொல்லும்போதுதான் உங்களுக்குத் தெரியும். என் ஏழு மாதத்தில் மூன்று வாரம் இப்படித்தான் காணாமல் போனது.

பத்திரம், பட்டா, மனை ஒப்புதல் நகல், வரைபடம், மனையின் புகைப்படம் எல்லாவற்றையும் தெளிவாக ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். கைபேசியில் சாய்வாக எடுத்த, பாதி நிழல் விழுந்த பத்திரப் படங்கள் திரும்பி வரும். புல எண்ணையும் உட்பிரிவையும் பட்டாவில் உள்ளபடியே தட்டச்சு செய்யுங்கள். பத்திரத்தில் பழைய புல எண் இருந்தால், பழையது எது, புதியது எது என்று காட்டும் ஆவணத்தையும் சேர்த்துவிடுங்கள், கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

சுயசான்றில் ஓர் உறுதிமொழி வரும். அதை எல்லாரும் செயலிகளின் நிபந்தனைகளைப் போலப் படிக்காமல் தட்டிவிட்டுப் போகிறார்கள். அதில் நீங்கள் சொல்வது இதுதான்: மனை என்னுடையது, விதிப்படி இடைவெளி விட்டிருக்கிறேன், சொன்ன தகவல் தவறென்றால் அனுமதி ரத்தாகலாம். முன்பு உதவிப் பொறியாளர் வந்து பார்த்து, “இங்கே இரண்டடி குறைகிறதே” என்று சொல்லியிருப்பார். இப்போது அதைச் சொல்ல ஆள் இல்லை. வேகமாகக் கிடைக்கும் அனுமதியின் விலை அந்த இரண்டாவது ஜோடிக் கண்கள்தான். பிறகு வந்து பார்க்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அப்போது சுவர் எழும்பியிருக்கும். ஆகவே விண்ணப்பிக்கும் முன் ஐநூறோ ஆயிரமோ கொடுத்து இன்னொரு பொறியாளரிடம் வரைபடத்தைக் காட்டிவிடுங்கள்.

கட்டணம் உள்ளாட்சி அமைப்புக்கு ஏற்ப மாறும். கட்டடப் பரப்பைக் கொடுத்ததும் தளமே கணக்கிட்டுக் காட்டும். கட்டுமானத் தொழிலாளர் நல நிதியும் பொதுவாக அனுமதியின்போதே வசூலாகும், கட்டுமான மதிப்பில் 1 சதவீதம். பணம் தளத்தின் வழியாக மட்டும் போகட்டும். “சேவைக்கு” என்று தனியாகக் கேட்பவரிடம் ரசீது கேளுங்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

பணம் கட்டியபின் கியூஆர் குறியீட்டோடு அனுமதி இறங்கும். அதை உங்கள் கைபேசியிலேயே ஸ்கேன் செய்து, வரும் விவரம் உங்களுடையதுதானா என்று பாருங்கள். தரகர் வழியாக வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

படி 7: இழுத்தடித்தால்

உள்ளாட்சி வழியில் போகும்போது ஆட்சேபணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவது பெரிய எரிச்சல். முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் இரண்டாவது வரும். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, முதல் ஆட்சேபணை வந்ததும் நேரில் போய், “இதோடு வேறு ஏதாவது குறை இருந்தால் சேர்த்துச் சொல்லிவிடுங்கள் சார், மொத்தமாகச் சரிசெய்து தருகிறேன்” என்று மரியாதையாகக் கேட்பதுதான். பாதி நேரம் வேலை செய்யும். பதிலை எப்போதும் தளத்திலேயே பதிவேற்றுங்கள். வாயால் சொன்னது கோப்பில் ஏறாது.

அதற்கும் நகரவில்லை என்றால் முதலமைச்சரின் உதவி மையத்தில் 1100 எண்ணில் புகார் பதியலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பல கோப்புகள் அந்தப் பதில் வருவதற்கு முன்பே நகர்ந்துவிடும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 79ஆவது பிரிவு மேல்முறையீட்டுக்கு இடம் தருகிறது. ஆனால் அளவுக் குறையோ ஆவணக் குறையோ காரணமாக இருந்தால் மேல்முறையீட்டில் நேரத்தைச் செலவிடாமல் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதுதான் வேகம்.

படி 8: கட்டும்போது

அனுமதி வரைபடத்தின் பெரிய அச்சுப்படி ஒன்றை வேலை நடக்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள். அஸ்திவாரத்துக்குக் கோடு போடும் நாள் அன்று வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள். புதுமனை புகுவிழாவுக்கு எடுக்கும் விடுப்பைவிட இது முக்கியம். இடைவெளி பறிபோவது பெரும்பாலும் அன்றைக்குத்தான். மேஸ்திரி கயிறு பிடிக்கும்போது சுவரின் தடிமனைக் கணக்கில் எடுத்தாரா, வெளிப்பூச்சுக்கு இடம் விட்டாரா என்று கேளுங்கள்.

அனுமதியை மீறிய பகுதியைப் பூட்டி முத்திரையிடும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், அனுமதியில்லாத கட்டுமானத்தை, கட்டிப் பல வருடம் ஆகிவிட்டது, நிறையச் செலவாகிவிட்டது என்ற காரணங்களுக்காக ஏற்க முடியாது என்று அழுத்தமாகச் சொன்னது. கட்டடத்தை ஈடாக வைத்துத் தரும் கடனுக்கு, நிறைவுச் சான்றையோ குடியேறும் சான்றையோ சரிபார்த்த பிறகே வங்கிகள் ஒப்புதல் தர வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. கடன் வாங்கிக் கட்டுபவருக்கு வங்கியின் மதிப்பீட்டாளரே இன்னொரு ஆய்வாளர் மாதிரி.

வேலை நடுவே மாற்றம் தேவைப்பட்டால், கட்டுவதற்கு முன் திருத்திய வரைபடத்துக்கு விண்ணப்பியுங்கள். அனுமதி எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கும், பணத்தட்டுப்பாட்டில் பாதியில் நிறுத்துபவர்கள் அதைப் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும்.

படி 9: முடிந்த பிறகு

நிறைவுச் சான்று தேவைப்படும் அளவுக் கட்டடம் என்றால் அது இல்லாமல் மின் இணைப்பும் குடிநீர், கழிவுநீர் இணைப்பும் நிரந்தரமாகக் கிடைப்பதில் சிக்கல் வரும். சுயசான்று வீடுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. கட்டுமானத்துக்காக வாங்கிய தற்காலிக மின் இணைப்பை வீட்டுக் கட்டண வகைக்கு மாற்ற உடனே எழுதிக் கொடுங்கள். குடிவந்த சந்தோஷத்தில் மறந்துவிட்டு நான் மூன்று பில் கூடுதல் கட்டணத்தில் கட்டினேன்.

சொத்துவரி விதிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அனுமதி வரைபடத்தில் உள்ள பரப்பும், நேரில் அளக்கும் பரப்பும் ஒத்துப்போக வேண்டும். வரி போடுபவர் நாடாவோடு வருவார். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டிருந்தால் அதையும் அளப்பார்.